ஃபயர்வால் இன்டர்ஃபேஸில் ரூட்டர் அட்வர்டைஸ்மென்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணைய முகவரி முறையின் பழைய வடிவமான ஐபிவி4-ல் ஊறிப்போனவர்கள் புதிய வடிவமான ஐபிவி6-க்கு வந்ததும் டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி தரும் சேவை) பக்கத்தில் 'கேட்வே' (வெளியே போகும் வாசல்) கட்டத்தைத் தேடுவார்கள். இருக்காது. டிஹெச்சிபிவி6 முகவரி தரும், டிஎன்எஸ் தரும். வெளியே போகும் வழி எது என்று மட்டும் சொல்லாது. அதைச் சொல்வது, ரூட்டர் (இங்கே ஃபயர்வால்) நெட்வொர்க்கில் உள்ள எல்லாருக்கும் அவ்வப்போது அனுப்பும் ரூட்டர் அட்வர்டைஸ்மென்ட் என்ற அறிவிப்பு, சுருக்கமாக ஆர்.ஏ. 'எங்களிடம்தான் டிஹெச்சிபி இருக்கிறதே' என்று ஆர்.ஏ.வை அணைத்து வைத்தால், கணினிக்கு முகவரி வந்திருக்கும், இணையம் வராது. நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஆர்.ஏ. அமைப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். ஃபயர்வாலில் ஒரு விதியைத் தப்பாக எழுதினால் அழித்துவிடலாம். ஆர்.ஏ.வில் தப்பாகச் சொன்னதோ அந்த நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கருவியின் நினைவிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் கொடுத்த ஆயுள் தீரும்வரை அது அங்கேதான்.

கொடிகளில், அதாவது ஆர்.ஏ.வுக்குள் போகும் ஆம்/இல்லை குறிகளில், தொடங்குவோம். எம் கொடி 'முகவரிக்கு டிஹெச்சிபிவி6-ஐக் கேள்' என்கிறது. ஓ கொடி 'டிஎன்எஸ் போன்ற மற்ற விவரங்களுக்கு மட்டும் கேள்' என்கிறது. எம் போட்டால் ஸ்லாக் (கருவி தன் முகவரியைத் தானே உருவாக்கிக்கொள்ளும் முறை) தானாக நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. ஸ்லாக்கை ஆள்வது ஏ கொடி; அது ஆர்.ஏ. அறிவிக்கும் ஒவ்வொரு ப்ரிஃபிக்ஸோடும் (முகவரிகளின் பொதுவான முன்பகுதி) தனியாகப் போகிறது. எம், ஏ இரண்டும் போட்டிருந்தால் ஒரே கணினிக்கு டிஹெச்சிபி முகவரி, ஸ்லாக் முகவரி, அவ்வப்போது மாறும் தற்காலிக முகவரி என்று மூன்று வரலாம். நீங்கள் டிஹெச்சிபி முகவரியை வைத்து விதி எழுதியிருப்பீர்கள், கணினி தற்காலிக முகவரியிலிருந்து வெளியே போகும், விதி பொருந்தாது. ஒரு முறை இதற்காக விதிகளின் வரிசையை மாற்றி மாற்றி அரை நாளைத் தொலைத்திருக்கிறேன். விதியில் ஒரு பிழையும் இல்லை.

அப்படியானால் ஏ கொடியை எடுத்துவிடலாமா? சர்வர்கள் மட்டும் இருக்கும் விலானில் (ஒரே சுவிட்சில் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) தாராளமாக எடுக்கலாம். கைப்பேசிகள் வரும் வைஃபையில் வேண்டாம். ஆண்ட்ராய்டு டிஹெச்சிபிவி6-இடம் தனி முகவரி வாங்குவதில்லை. ஸ்லாக் இல்லையென்றால் பொதுவாக அதற்கு ஐபிவி6 கிடைக்காது. பிஎஃப்சென்ஸ் போன்ற ஃபயர்வால் மென்பொருள்களில் இந்தக் கொடிகள் 'மேனேஜ்டு', 'அசிஸ்டட்', 'அன்மேனேஜ்டு' என்ற பெயர்களுக்குள் ஒளிந்திருக்கும். மேனேஜ்டில் ஏ கிடையாது, அசிஸ்டடில் உண்டு. பெயரைப் பார்த்து ஊகிக்காமல் எந்தக் கொடி போகிறது என்று பாருங்கள்.

ப்ரிஃபிக்ஸ் நீளம் /64 ஆக, அதாவது முகவரியின் முதல் 64 பிட்டாக, இருக்கட்டும். இணையச் சேவை நிறுவனம் தந்த /56 என்ற பெரிய தொகுதியை அப்படியே ஒரு இன்டர்ஃபேஸில் அறிவித்தால் ஸ்லாக் வேலை செய்யாது. அதோடு 'இந்த முகவரிகள் எல்லாம் இதே நெட்வொர்க்கில்தான்' என்று சொல்லும் எல் கொடியும் இருந்தால், மற்ற விலான்களில் உள்ள கருவிகளும் பக்கத்திலேயே இருப்பதாகக் கணினிகள் நினைத்து, ஃபயர்வாலுக்கு அனுப்பாமல் நேராகத் தேடிக்கொண்டிருக்கும்.

ஆயுள் எண்கள்தான் உண்மையான வம்பு. அங்கே இருப்பது ஒன்றல்ல. ரூட்டர் ஆயுள் என்பது 'இத்தனை வினாடி என்னைக் கேட்வேயாக வைத்துக்கொள்' என்பது. இயல்பாக ஆர்.ஏ. அதிகபட்சம் 600 வினாடிக்கு ஒரு முறை போகும், ரூட்டர் ஆயுள் அதைப்போல் மூன்று மடங்கு, 1800. இடைவெளியை ஏற்றிவிட்டு ஆயுளை மறந்தால், அடுத்த ஆர்.ஏ. வருவதற்குள் கேட்வே காணாமல் போகும். சற்று நேரத்தில் தானாகத் திரும்பும். இப்படி விட்டு விட்டு வரும் கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் கொடுமை. இங்கே 0 என்றால் 'எல்லையில்லை' என்று பொருளல்ல, 'நான் கேட்வே இல்லை' என்று பொருள். எதற்கு வம்பு என்று இடைவெளியைச் சில வினாடிகளாகக் குறைப்பதும் தவறு. வைஃபையில் தூங்கும் கைப்பேசிகளை எழுப்பி எழுப்பி பேட்டரியைத் தின்னும்.

ப்ரிஃபிக்ஸின் ஆயுள் வேறு கணக்கு. 2007-ல் வந்த இணையத் தரநிலை ஆவணமான ஆர்.எஃப்.சி. 4861 தரும் இயல்பு மதிப்பு: செல்லுபடி (முகவரியைப் பயன்படுத்தக்கூடிய மொத்தக் காலம்) 30 நாள், விருப்ப ஆயுள் (புது இணைப்புகளுக்கு அதைத் தேர்ந்தெடுக்கும் காலம்) 7 நாள். ப்ரிஃபிக்ஸ் மாறாத இடத்தில் இதில் பிரச்சினை இல்லை. இணைப்பு அறுந்து வரும்போதெல்லாம் புது ப்ரிஃபிக்ஸ் கிடைக்கும் இடத்தில், கணினிகள் செத்துப்போன பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் தடுமாறும். செல்லுபடியை 0 ஆக்கி அனுப்பினாலும் உடனே விடாது: ஏமாற்று ஆர்.ஏ. ஒன்று எல்லாரையும் வெட்டிவிடக் கூடாது என்பதற்காக, நிறைய ஆயுள் மீதமிருக்கும் முகவரியை 2 மணி நேரத்துக்குக் கீழே இறக்கக் கணினிகள் மறுக்கும். விருப்ப ஆயுளுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே பழைய ப்ரிஃபிக்ஸை விருப்ப ஆயுள் 0 என்று அறிவிப்பதே வழி. புது இணைப்புகள் உடனே புது முகவரிக்குத் தாவும். 2021-ன் ஆர்.எஃப்.சி. 9096, வாடிக்கையாளர் பக்க ரூட்டர்களுக்கு விருப்ப ஆயுள் 45 நிமிடம், செல்லுபடி 90 நிமிடம் என்ற உச்சவரம்பைப் பரிந்துரைக்கிறது. மாறும் ப்ரிஃபிக்ஸ் உள்ளவர்கள் அதைப் பின்பற்றலாம்.

ஆர்.ஏ. உள்ளிட்ட கட்டுப்பாட்டுச் செய்திகளைச் சுமக்கும் ஐசிஎம்பிவி6-ஐ மொத்தமாக அடைப்பது பழைய வியாதி. 133 முதல் 136 வரையிலான வகைகள் இல்லாமல் ஆர்.ஏ.வும் இல்லை, பக்கத்துக் கருவியைக் கண்டுபிடிப்பதும் இல்லை. இவற்றின் ஹாப் லிமிட் (ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும் எண்) 255 ஆக இருந்தே தீர வேண்டும் என்பதால், ரூட்டரைத் தாண்டி வெளியிலிருந்து போலியாக வர முடியாது. ஆபத்து உள்ளேயிருந்துதான், அதற்குச் சுவிட்சில், போலி ஆர்.ஏ.வைத் தடுக்கும் 'ஆர்.ஏ. கார்டு' என்ற வசதி இருக்கிறது. இணையத்தை நோக்கிய வேன் (WAN) இன்டர்ஃபேஸில் ஆர்.ஏ. அனுப்பாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று இயங்க மற்றொன்று காத்திருக்கும் ஜோடி ஃபயர்வால்களில் ஆர்.ஏ. இரண்டுக்கும் பொதுவான மெய்நிகர் லிங்க்-லோக்கல் (அந்த நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லும்) முகவரியிலிருந்து போக வேண்டும். இரண்டும் தத்தம் முகவரியிலிருந்து அறிவித்தால், பாதிக் கணினிகள் சும்மா நிற்கும் பெட்டிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

மாற்றியபின் ஃபயர்வாலின் திரையை நம்பாமல், அந்த விலானில் உள்ள ஒரு கணினியில் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து 134-ஆம் வகை (ஆர்.ஏ.) பாக்கெட்டைப் பாருங்கள். பழைய பெட்டியைக் கழற்றும் நாளிலும் இதே கவனம் வேண்டும். முதலில் ஆர்.ஏ.வை முறையாக அணையுங்கள். ரூட்டர் ஆயுள் 0 என்று கடைசியாக ஒன்று போவதைக் கண்ணால் பார்த்தபின் கேபிளைப் பிடுங்குங்கள்.