குட்டையில் நத்தை: உப்பு மூட்டையைத் தூக்கும் முன்

போன வாரம் கொடைக்கானல் மேல்மலையில் ஒரு பூண்டுத் தோட்டத்துக் குட்டைக் கரையில் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் நின்றிருந்தார்கள். கையில் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவி. "அண்ணே, இந்தத் தண்ணியில உப்பே இல்ல, அதான் நத்தை பெருகிடுச்சு. ஒரு மூட்டை கல்லுப்பு போட்டா சரியாயிடும்ல?" என்று கேட்டார்கள். பதினைந்து வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் நினைத்தேன். வேண்டாம் என்று தடுக்க அன்று எனக்கு ஆள் இல்லை. மீட்டரைக் கழுவுவது, பேட்டரி பார்ப்பது எல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். அதை விட்டுவிட்டு, இந்த வேலையில் நடக்கும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எண்ணை எழுதி அலகை விடுவது

மீட்டர் 120 காட்டினால் அது பிபிஎம்மா (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு), மைக்ரோசீமென்ஸா (தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவு)? இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இரட்டிப்பு வித்தியாசம்.

ஓடு சுழலும் பக்கத்தைப் பார்க்காதது

நத்தையைக் கையில் எடுங்கள். கூர்நுனி மேலே, வாய் உங்களைப் பார்த்து இருக்கட்டும். வாய் இடப்பக்கம் இருந்து, ஓடு விரல் நகம் அளவில் மெல்லிசாக, வெளிச்சம் ஊடுருவும் தேன் நிறத்தில் இருந்தால் அது பெரும்பாலும் பைசா அக்யூட்டா. வட அமெரிக்காவிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய நத்தை. வலம்புரிச் சங்கு சுழலும் அதே திசையில்தான் இதன் ஓடும் சுழலும். சங்கை நாம் நுனி கீழே வைத்துப் பிடிப்பதால் பலருக்கு இது பிடிபடுவதில்லை.

உப்பு ஏறினால் நத்தை ஒழியும் என்று நம்புவது

இந்தத் தவறை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. ஒரு தங்கும் விடுதியின் அல்லிக் குட்டை, சுமார் 20,000 லிட்டர். மீன் தொட்டிச் செடியோடு பைசா வந்து சேர்ந்திருந்தது. 50 கிலோ மூட்டை இரண்டைக் கொட்டச் சொன்னவன் நான். லிட்டருக்கு 5 கிராம், அதாவது கடல்நீரில் ஏழில் ஒரு பங்கு உப்பு. மறுநாள் காலை தலைப்பிரட்டைகள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. ஒரு வாரத்தில் அல்லி இலைகளின் ஓரம் கருகியது. நத்தைகளில் கொஞ்சம் செத்தன. மீதி தண்ணீர்க் கோட்டுக்கு மேலே ஏறி, சிமெண்டுச் சுவரில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. மழை பிடித்தது, உப்பு கரைந்து வழிந்தது, இரண்டு மாதத்தில் குட்டை பழையபடி நத்தையால் நிறைந்தது. பைசா இருபால் உயிரி, துணையில்லாமலே முட்டையிடும். ஒன்று தப்பினாலும் போதும். அதைவிடக் கொடுமை, அந்த வழிந்த தண்ணீர் உப்பையும் நத்தையையும் சேர்த்துக்கொண்டு கீழே ஓடைக்குப் போனது.

பழனி மலையின் சார்னோகைட் பாறை லேசில் கரையாது. அதனால் நம் ஓடைத் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு. நன்னீர் நத்தையின் ரத்தம் அந்தத் தண்ணீரைவிட உப்பானது. தண்ணீர் உடம்புக்குள் ஏறிக்கொண்டே இருக்கும், உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். இதைச் சரிக்கட்டவே அதன் சக்தியில் ஒரு பங்கு செலவாகிறது. தண்ணீரில் உப்பு சற்றே கூடினால் அந்தச் சுமை குறையும். கூடியதில் கால்சியமும் இருந்தால் ஓடு கட்ட வசதி. ஆக ஓர் அளவு வரை உப்பு அதற்கு ஊட்டம்தான், அதைத் தாண்டினால்தான் விஷம். அந்த அளவை எட்டுவதற்குள், உப்பைத் தாங்காத மேஃபிளைப் பூச்சியின் இளம்புழுக்களும் தலைப்பிரட்டைகளும் அழிந்திருக்கும்.

ஊர் விட்டு ஊர் பரவும் நத்தைகள் பல ஜெயிப்பதற்கு உப்பைத் தாங்கும் இந்தத் திறனும் ஒரு காரணம். நியூசிலாந்துச் சேற்று நத்தை பால்டிக் கடலின் உவர்நீரிலும் வாழ்கிறது, அமெரிக்காவின் ஸ்நேக் ஆற்று நன்னீரிலும் வாழ்கிறது; அங்கே அதை 1987இல் கண்டார்கள்.

எனவே மலையில் நத்தையைத் தேடும்போது நான் முதலில் போவது சாக்கடை கலக்கும் இடத்துக்கு. பிறகு புளித்த, அதாவது அமிலத்தன்மை கூடிய, மண்ணுக்குப் போட்ட சுண்ணாம்பு மழையில் இறங்கும் வாய்க்காலுக்கும், புதிதாகப் பூசிய சிமெண்டுத் தொட்டிக்கும்.

மொத்த உப்பை மட்டும் நம்புவது

தண்ணீரில் கரைந்திருப்பது சமையல் உப்பா, சுண்ணாம்பா என்று மீட்டர் சொல்லாது. மீன் தொட்டிக் கடையில் கடினத்தன்மை சோதனைக் கிட் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள்.

வயல் நத்தையைக் கண்டு பதறுவது

அடிவாரத்து வயலில் இருக்கும் நம்ம ஊர் நத்தையின் முட்டை வெள்ளை. வெளியிலிருந்து பரவி நெல்லைத் தின்னும் தென் அமெரிக்க ஆப்பிள் நத்தையின் முட்டை பளிச்சென்ற ரோஸ். முட்டையைப் பார்க்காமல் புகார் எழுதாதீர்கள்.

குட்டையை ஓடைப்பக்கம் திறந்துவிடுவது

மழையில்லாத மாதமாகப் பார்த்து, தண்ணீரைப் பழைய வேட்டியில் வடிகட்டி, ஓடைக்கு எதிர்ப்பக்கம் குழி தோண்டி இறக்குங்கள். இலைக்கு அடியில் ஜவ்வு மாதிரி ஒட்டியிருக்கும் முட்டைகளைச் சுரண்டி எடுங்கள். தரை வெடிக்கும்வரை காயட்டும். வலை, பூட்ஸ் இரண்டும் வெயிலில் மொறமொறவென்று காய்ந்த பிறகே அடுத்த குட்டைக்கு. அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து இதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறோம். நேற்று வேட்டியில் தேங்கியவற்றை எண்ண ஒரு மணி நேரம் ஆனது.