உள்ளூர் சேனல்களை எச்.டி.யில் பார்க்க: தோட்டத்து வீடுகளுக்கு டிஷ் மாட்டுபவன் சொல்வது

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் டிஷ் மாட்டுவது என் தொழில். அதற்கு முன் தோட்டத்துத் தொழிற்சாலையில் வயர்மேன். போகிற வீட்டில் எல்லாம் ஒரே குறையைத்தான் கேட்கிறேன்: "தம்பி, புது டிவி வாங்கிட்டோம். படம் மட்டும் பழைய டிவி மாதிரியே இருக்கு." எச்.டி. என்கிற துல்லியமான படம் டிவி பெட்டியோடு கூட வரும் சாமான் என்று பலர் நம்புகிறார்கள். சேனல், டிஷ், அலையைப் படமாக்கும் டிகோடர் பெட்டி, கேபிள், டிவி என்று ஐந்தும் ஒத்து வந்தால்தான் அது திரையில் தெரியும். ஒன்று பிசகினாலும் கொடுத்த காசுக்குப் பலன் இல்லை. எதை முதலில் பார்ப்பது, எதற்குக் காசு செலவழிப்பது, எதற்குச் செலவழிக்கவே வேண்டாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வழியைத் தீர்மானியுங்கள். டிவி1, டிவி2, டிவி ஓகே, டிவி3, 8டிவி, டிவி9 போன்ற உள்ளூர் சேனல்கள் வீட்டுக்கு வர இரண்டு வழி உண்டு. ஒன்று தரைவழி. 2019 அக்டோபரோடு நாடு முழுக்க அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது. இப்போது மைஃப்ரீவியூ என்ற பெயரில் டிஜிட்டலாக வருகிறது. இதற்கு ஒரு யூஎச்எஃப் ஏரியலும், அந்தத் தரைவழி டிஜிட்டல் அலையைப் படிக்கும் டிவிபி-டி2 டிகோடரும் போதும். புது டிவி என்றால் அந்த வசதி உள்ளேயே இருக்கலாம். இன்னொன்று வானத்து வழி. டிஷ் வழியாக டிவி தரும் ஆஸ்ட்ரோ 1996-இல் தொடங்கியது, 2009 டிசம்பரில் எச்.டி. கொண்டுவந்தது. 2012-இல் அதன் இலவசச் சேவையான என்ஜோய் வந்தது. என்ஜோய்க்கு மாதக் கட்டணம் கிடையாது. பெட்டிக்கும் டிஷ்ஷுக்கும் மாட்டும் கூலிக்கும் ஒருமுறை கொடுத்தால் முடிந்தது. உள்ளூர் சேனலும் டிவி2-இல் வரும் தமிழ்ப் படமும் போதும் என்கிற வயதானவர்களுக்கு, மாதா மாதம் கட்டுகிற பெரிய பேக்கேஜ் வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். அந்தக் காசு மருந்துக்கு ஆகும்.

டவுன் பக்கம் வீடு இருந்து, ஒளிபரப்புக் கோபுரத்துக்கும் உங்கள் கூரைக்கும் நடுவே தடை இல்லாவிட்டால் ஏரியலே நல்லது. மழையிலும் படம் தடைபடாது. ஆனால் நம் பக்கம் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் இருக்கின்றன. குன்றுக்குப் பின்னால் இருக்கும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஏரியலை எத்தனை உயரத்தில் கட்டினாலும் சேனல் பாதிதான் வரும். செம்பனை உயர்ந்து நிற்கும் பள்ளத்திலும் அப்படித்தான். அங்கெல்லாம் டிஷ்தான் சரி. அதற்குக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

டிகோடர் வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். மைஃப்ரீவியூ பெட்டி டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளைப் படிக்காது. டிஷ் பெட்டிக்கு ஏரியல் ஆகாது. இரண்டும் பார்க்க ஒரே அளவில், ஒரே கறுப்பில் இருப்பதால் மாற்றி வாங்கி வந்து, "பெட்டி கெட்டுப்போச்சு" என்று என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

அடுத்து, கூரை மேல் ஏறுமுன் டிவிக்குப் பின்னால் பாருங்கள். பாதி வீடுகளில் கோளாறு அங்கேதான். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று நிறத்தில் கேபிள் செருகியிருந்தால் உங்களுக்கு எச்.டி. வரவே வராது. அந்த மஞ்சள் கேபிள் பழைய 576 வரிப் படத்துக்கு மேல் தூக்காது. எச்.டி. என்பது 720 வரி அல்லது 1080 வரி. 1080 வரிப் படத்தில் இருக்கும் புள்ளிகள் பழைய படத்தைப் போல ஐந்து மடங்கு. அதைக் கொண்டுவர எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும். ஒரு பெரியம்மா வீட்டில் 43 அங்குல டிவியைக் கடைக்காரப் பையன்கள் கொண்டுவந்து, பழைய டிவியில் இருந்த மூன்று நிறக் கேபிளையே செருகிவிட்டுப் போயிருந்தார்கள். எச்டிஎம்ஐ கேபிள் டிகோடர் வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே பிரிக்காமல் கிடந்தது. மாட்டி, ரிமோட்டில் 'சோர்ஸ்' அழுத்தி எச்டிஎம்ஐ-க்கு மாற்றினேன். செய்தி வாசிப்பவரின் சேலைக் கரை தெரிந்ததும் பெரியம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். விலை உயர்ந்த எச்டிஎம்ஐ கேபிள் தேவையில்லை. இரண்டு மீட்டருக்குள் சாதாரணக் கேபிளே போதும்.

பிறகு டிகோடரின் செட்டிங்ஸுக்குள் போய்ப் படத்தின் அளவை 1080-க்கும், திரை வடிவத்தை 16:9-க்கும் மாற்றுங்கள். முகங்கள் எல்லாம் அகலமாக, ஊதினாற்போல் தெரிந்தால் 4:3 படத்தை இழுத்து விரித்திருக்கிறது என்று அர்த்தம். டிகோடரின் முகப்பில் எச்.டி. என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். என்ஜோய் தொடங்கிய காலத்துப் பெட்டி வைத்திருப்பவர்கள் எந்தக் கேபிள் போட்டாலும் பழைய படம்தான் பார்ப்பார்கள். அவர்கள் மாற்ற வேண்டியது பெட்டியை. டிஷ்ஷைத் தொட வேண்டாம். சேனலுக்கும் இது பொருந்தும். சேனல் பெயரோடு எச்.டி. அடையாளம் இருந்தால்தான் அந்தப் படம். பழைய நாடகம், பழைய திரைப்படம் எச்.டி. சேனலில் ஓடினாலும் பெரும்பாலும் மங்கலாகத்தான் இருக்கும். கையில் இருக்கும் பதிவு அவ்வளவுதான்.

இனி டிஷ். மேலே சொன்ன காரணம் இங்கேதான் இருக்கிறது. நமக்கு ஒளிபரப்பும் மீசாட் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்கு 91.5 பாகையில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. 2014-இல் போன மீசாட்-3பி, 2022 ஜூனில் போன மீசாட்-3டி எல்லாம் அந்த இடம்தான். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சுங்கை சிப்புட்டில் நின்று பார்த்தால் அது தலைக்கு மேலே, ஏறக்குறைய 77 பாகை உயரத்தில், தென்மேற்கிலிருந்து சற்று மேற்கே தள்ளி இருக்கிறது. அதனால் குன்றும் தூரத்துச் செம்பனையும் அதை மறைப்பதில்லை. நம்மை மறைப்பது வீட்டுப் பக்கத்தில் இருப்பவைதான்: கூரை விளிம்பு, பலா மரம், ரம்புத்தான் கிளை, பின்னால் இழுத்துக் கட்டிய தகரத் தாழ்வாரம்.

டிஷ்ஷைப் பார்த்து அது எங்கே நோக்குகிறது என்று கணித்துவிடாதீர்கள். நம் வீடுகளில் இருக்கும் ஓவல் வடிவ டிஷ், தான் பார்ப்பது போலத் தோன்றும் திசையைவிடச் செங்குத்தாக மேலிருந்து அலையை வாங்கும். டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் எல்என்பி என்ற சின்னக் கருவி கீழ்ப்பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்பது அதனால்தான். எதிரே வானம் திறந்துதானே இருக்கிறது என்று மாட்டிவிட்டு, உச்சியில் தொங்கும் கிளையை விட்டுவிடுகிறார்கள். மாட்டிய அன்று படம் வரும். கிளை தழைத்ததும் போய்விடும்.

இதற்கு நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு, காசு செலவில்லாதது. மார்ச் நடுவிலிருந்து மூன்றாம் வாரம் வரையிலும், செப்டம்பர் கடைசி வாரத்திலும், மதியம் இரண்டு மணி வாக்கில் சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அந்த நாட்களில் சில நிமிடம் படம் தானாகவே தடுமாறுவதும் இதனால்தான். டிகோடரைத் தட்ட வேண்டாம், காத்திருந்தால் திரும்பிவிடும். அந்த நேரத்தில் டிஷ் மாட்ட நினைத்திருக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். வெயில் முழுதாக விழுந்தால் இடம் நல்ல இடம். கிளையின் நிழலோ கூரையின் நிழலோ விழுந்தால், அதேதான் அலையையும் மறைக்கும். சூரியனை நேரே பார்க்காதீர்கள், தரையில் விழும் நிழலைப் பார்த்தால் போதும்.

இடம் கிடைத்ததும் கம்பம். டிஷ் மாட்டும் இரும்புக் குழாய் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். ரசமட்டத்தை ஒரு பக்கம் வைத்துப் பார்த்தால் போதாது, கால் சுற்று திருப்பி இன்னொரு பக்கமும் வைத்துப் பாருங்கள். குழாய் சாய்ந்திருந்தால் இடம் வலம் திருப்பும்போதே மேல் கீழும் மாறிப்போகும், நாள் முழுக்கத் தேடினாலும் சிக்னல் நிலைக்காது. லயத்து வீட்டின் பழைய பலகைச் சுவரில் அறைவதைவிட முற்றத்தில் குழி தோண்டிச் சிமெண்டில் நட்ட கம்பம் மேல். காற்றுக்கு ஆடாது, கூரை ஏறாமலே பிறகு சரிசெய்யலாம்.

திருப்பும்போது ஒருவர் டிவி முன்னால் இருந்து சிக்னல் திரையைப் பார்த்துச் சொல்லட்டும். அதில் 'ஸ்ட்ரெங்த்', 'குவாலிட்டி' என்று இரண்டு இருக்கும். பலர் முதலாவதைப் பார்த்துத் திருப்தியடைகிறார்கள். பார்க்க வேண்டியது குவாலிட்டி. டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, ஒவ்வொரு அசைவுக்கும் சில விநாடி பொறுத்து, அந்த எண் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிய இடத்திலிருந்து பின்னால் வாருங்கள். பிறகு எல்என்பியை அதன் பிடியிலேயே லேசாகச் சுழற்றுங்கள், இன்னும் கொஞ்சம் ஏறும். படம் வந்துவிட்டது, போதும் என்று நட்டை முறுக்கிவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெயிலில் கிடைக்கும் அந்த மிச்சம்தான் மழையில் உங்களுக்குக் கைகொடுக்கும்.

மழை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்ட்ரோ, என்ஜோய் அலைகளின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். பெரிய மழைத்துளிகள் அதை உறிஞ்சும், சிதறடிக்கும். டிஜிட்டல் படம் அனலாக் போல மெல்ல மங்காது. கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, நின்றுவிடும். பேராக்கில் சாயங்கால இடிமழையை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் தூறலுக்கே படம் போகிறது என்றால் அது மழையின் குற்றமில்லை, டிஷ் திசை விலகியிருக்கிறது அல்லது இணைப்பில் தண்ணீர் புகுந்திருக்கிறது. கொட்டும் மழையில் பத்து நிமிடம் போவது இயல்பு. அதையும் குறைக்க வேண்டுமானால் பெரிய டிஷ் போடலாம். விட்டம் கூடக் கூட அலை அதிகம் சேரும்.

தண்ணீர் புகுவது எப்படி என்றால், எல்என்பியில் முறுக்கும் எஃப் கனெக்டர் வழியாக. ஆர்ஜி6 என்ற டிஷ் கேபிளை டிஷ்ஷிலிருந்து டிகோடர் வரை ஒரே துண்டாக இழுங்கள், நடுவில் ஒட்டு வேண்டாம். கனெக்டருக்கு ரப்பர் உறை போட்டு, அதற்குக் கீழே கேபிளை ஒரு வளையம் தொங்கவிடுங்கள். வழியும் தண்ணீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும். சுவரைத் துளைத்து உள்ளே கொண்டுவரும் இடத்திலும் இப்படியே செய்யுங்கள். அக்கா வீட்டுக்கும் சேர்த்து என்று ஏரியலுக்குப் போடும் மலிவு ஸ்ப்ளிட்டரை வைத்து ஒரே கேபிளைப் பிரிக்காதீர்கள். டிகோடர் அந்தக் கேபிள் வழியாகவே எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அனுப்புகிறது. இரண்டு பெட்டிகள் ஒன்றை ஒன்று குழப்பும். இரண்டு வாய் உள்ள எல்என்பி வாங்கி, தனித்தனிக் கேபிள் இழுப்பதே முறை. அதே காரணத்தால் கனெக்டரைக் கழற்றுமுன் டிகோடரின் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். கேபிளின் நடுச் செம்புக் கம்பி வெளி வலையைத் தொட்டால் பெட்டி போய்விடக்கூடும்.

இடிமழை வரும்போல் வானம் இருண்டால், முதல் இடி கேட்குமுன்பே டிகோடரின் மின் பிளக்கையும் டிஷ் கேபிளையும் இரண்டையுமே கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. தகரக் கூரையில் ஏறுவதானால் காய்ந்த காலை வேளையில், ஆணி அடித்த சட்டத்தின் மேலேயே கால் வைத்து, கீழே ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் இருக்கும்போது மட்டும் ஏறுங்கள். மழை முடிந்து ஈரமாக இருக்கும் கூரையில் படத்துக்காக ஏறவே வேண்டாம்.

நான் வேலையை முடித்ததும் ஒரு தாளில் தேதியையும், மழையில்லாத நேரத்து ஸ்ட்ரெங்த், குவாலிட்டி எண்களையும் எழுதி டிகோடருக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் வருவேன். நீங்களே மாட்டினாலும் எழுதி வையுங்கள். பின்னால் படம் மோசமானால் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். எண் இறங்கியிருந்தால் டிஷ், கிளை, கனெக்டர் என்று வெளியே தேடுங்கள். எண் அப்படியே இருந்தால் கோளாறு வீட்டுக்குள், எச்டிஎம்ஐ கேபிளிலோ செட்டிங்ஸிலோ இருக்கும். தீபாவளி நிகழ்ச்சிகளை எச்.டி.யில் பார்க்க வேண்டும் என்பவர்கள் செப்டம்பர் கடைசி வாரத்திலேயே நிழல் சோதனையைச் செய்து கிளையையும் வெட்டிவிடுங்கள். அக்டோபர் பிறந்தால் பிற்பகல் மழை தொடங்கிவிடும், கூரை காய நேரம் கிடைக்காது, என்னைப் போன்றவர்களும் ஒரே நாளில் எல்லாத் தோட்டத்துக்கும் வர முடியாது.