சுங்கை சிப்புட்டுலேருந்து ஒரு நாள் ரயில் சுத்தல்: பிள்ளைங்களோட கோஷ்டியா போறவங்களுக்கு

லீவு வந்தா எல்லாருக்கும் வாட்டர் பார்க்தான் ஞாபகம் வருது. நம்ம தோட்டத்து பக்கத்துல ஒரு வேன் புடிச்சா மலாயாவோட மொத ரயில் பாதைய பாத்துட்டு அதே நாள் திரும்பிடலாம்னு நெறைய பேருக்கு தெரியல. ரூட் இதான்: காலைல வேன்ல காராய் விக்டோரியா பாலம், அப்புறம் தைப்பிங், மத்தியானம் கோல செப்பத்தாங், சாயங்காலம் தைப்பிங்ல ஈடிஎஸ் (கரண்ட்ல ஓடுற ரயில்) ஏறி சுங்கை சிப்புட்ல எறங்குறது. வேன் காலியா திரும்பி வரும், அந்த காச பாக்காதீங்க, ரயில்ல வராம இந்த ட்ரிப்பே இல்ல.

மொத வேலை டிக்கெட். ரயில் கம்பெனி கேடிஎம்மோட ஆப்ல சுங்கை சிப்புட்ல நிக்கிற ரயிலா பாத்து புக் பண்ணுங்க, எல்லா ஈடிஎஸ்ஸும் இங்க நிக்காது. ஒவ்வொருத்தர் பேரும் ஐசி (அடையாள அட்டை) நம்பரும் கேக்கும், அதனால வாட்ஸ்அப் குரூப்ல முன்னாடியே வாங்கி வச்சுக்குங்க, கடைசி நேரத்துல "எங்க மாமி மகளும் வர்றா"ன்னு ஒரு மெசேஜ் கண்டிப்பா வரும். லீவுல சீட்டு சீக்கிரம் தீந்துடும். காசு முன்பணமா வாங்கிடுங்க, அப்புறம் தர்றேன்னு சொன்ன காசு அப்புறமும் வராது.

அடுத்தது மொத நாள் சாயங்காலம் வீட்லயே செய்ய வேண்டியது, இத விட்டுடாதீங்க. ரெண்டு பேப்பர் கப் எடுத்து வாயும் வாயும் ஒட்டுற மாதிரி வச்சு டேப் போடுங்க, நடுவுல பெருசா ரெண்டு ஓரமும் சின்னதா இருக்கும். இன்னொரு ஜோடிய அடியும் அடியும் ஒட்டுங்க. ரெண்டு நீளமான நேர் குச்சிய தண்டவாளம் மாதிரி பக்கத்து பக்கத்துல வச்சு, ஒரு ஜோடி கப்போட நீளத்துல பாதி அளவு இடைவெளி விட்டு, ஒரு முனைய லேசா தூக்கி கப்ப உருட்டி விடுங்க. மொத ஜோடி கொஞ்சம் சாஞ்சாலும் தானா நடுவுக்கு வந்துடும், ரெண்டாவது ஜோடி கீழ விழுந்துடும். ரயில் சக்கரமும் இதே கததான். உள்பக்கம் பெருசு வெளிப்பக்கம் சிறுசு, ரெண்டு சக்கரமும் ஒரே அச்சுல இறுக்கி மாட்டியிருக்கும், வளைவுல போறப்ப வெளிப்பக்கத்து சக்கரம் தன்னோட பெரிய பாகத்துல உருண்டு அதிக தூரம் போகும், அதனால ஸ்டீரிங் இல்லாமலே வண்டி திரும்புது. உள்பக்கம் ஒரு விளிம்பு இருக்கே, அது தடம் மாறாம புடிக்கிற காவல்காரன் மட்டும்தான். பெரியவங்களுக்கே இது புதுசா இருக்கும், உருட்டிப் பாத்தா நம்புவாங்க.

காராய் போறப்ப அளவு டேப் ஒண்ணு எடுத்துக்குங்க. விக்டோரியா பாலம் 1900ல பேராக் ஆத்து மேல தெறந்தது, செங்கல் தூணு, மேல இரும்பு சட்டம், 2002 வரைக்கும் ரயில் ஓடுச்சு. இரும்புத் தகடுங்கள எப்படி சேத்திருக்காங்கன்னு காட்டுங்க, குமிழ் குமிழா இருக்கிறது ரிவெட், சூடு பண்ணி அடிச்சு எறக்குனது. பழைய தண்டவாளத்துல ஒரு பக்கத்து உள்விளிம்புலேருந்து அடுத்த பக்கத்து உள்விளிம்பு வரைக்கும் அளந்தா 1 மீட்டர், இன்னிக்கு ஈடிஎஸ் ஓடுறதும் அதே அகலம்தான். மறிச்சு போர்டு போட்டிருந்தா உள்ள போகாதீங்க, ஓரத்துலேருந்து பாத்தாலே போதும். பக்கத்துல இருக்குற புது பாலத்தோட பாதை பக்கம் யாரும் போகவே கூடாது, மேல போற கம்பில 25,000 வோல்ட்.

தைப்பிங்ல நேரம் வீணாக்காதீங்க, பழைய ஸ்டேஷன் கட்டடத்த ஒரு சுத்து பாத்துட்டு கெளம்பலாம். கோல செப்பத்தாங்தான் முன்னாடி போர்ட் வெல்ட். தைப்பிங்லேருந்து இங்க வரைக்கும் 8 மைல், இதான் மலாயாவோட அந்த மொத பாதை, ஈயம் கப்பலேத்த, 1885 ஜூன் 1ல ஓட ஆரம்பிச்சது. சிலோன்லேருந்து வந்த பயனியர் தொழிலாளிங்க போட்ட பாதை. இப்ப மிச்சம் ஒரு டிக்கெட் கவுண்டரும் ஒரு பேர்ப்பலகையும்தான், ஆனா அந்த பலகைல தமிழ்லயும் எழுதியிருக்கு, சின்னவங்கள படிக்க சொல்லுங்க. சாப்பாடு இங்கயே, மீ ஊடாங் (எறா போட்ட மீ) நல்லா இருக்கும், சைவம் சாப்புடுறவங்களுக்கு வீட்லேருந்து கட்டிக்கிட்டு வந்துடுங்க.

சாப்புடுறப்ப கூட வந்த தாத்தா பாட்டிய பேச விடுங்க. ரயில்வேல வேலை செஞ்சவங்க இருந்தா நல்லது, இல்லாட்டியும் பேச்சு சயாம் ரயிலுக்கு வந்துடும், ஜப்பான்காரன் காலத்துல தோட்டத்துலேருந்து ஆயிரக்கணக்கான தமிழங்கள கொண்டுபோய் சயாம்லேருந்து (இப்ப தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட வச்சான், திரும்பி வராதவங்க நெறைய குடும்பத்துல உண்டு. குறுக்க பேசாம கேளுங்க, போன்ல ரெக்கார்ட் பண்றதா இருந்தா கேட்டுட்டு பண்ணுங்க.

இப்ப ரயில். ஈடிஎஸ்ல முன்னாடி இழுக்குற இஞ்சின்னு தனியா ஒண்ணு கெடையாது, மோட்டார் எல்லாம் பெட்டிங்களுக்கு அடியில பரவி இருக்கும், மேல மடக்கி விரியற கை மாதிரி இருக்குதே பேண்டோகிராப், அது கம்பில உரசி கரண்ட் எடுக்கும். பிளாட்பாரத்துல நிக்கிறப்பவே அத தேடிக் கண்டுபுடிக்க சொல்லுங்க, ஏறுனா தெரியாது. தைப்பிங்ல கெளம்பி கொஞ்ச நேரத்துல பெராப்பிட் சுரங்கம், 3 கிலோமீட்டருக்கு மேல, அப்ப போன்ன கீழ வைக்க சொல்லுங்க. கோலகங்சார் தாண்டி ஆறு வரும். காலைல நின்ன பழைய பாலம் ஜன்னல்ல தெரியும், வேகமா ஓடிடும், அதனால ஒரு ஆள் முன்னாடியே குரல் குடுக்கணும். இந்த வேலைக்கு கோஷ்டிலயே அதிகமா கத்துற பையன போடுங்க.

ரயில் கட்டுறதையே நேர்ல பாக்கணும்னா பத்துகாஜால 2015ல தெறந்த சிஆர்ஆர்சிங்கிற சீனா ரயில் கம்பெனியோட தொழிற்சாலை இருக்கு. அது நெனச்ச நேரத்துல நுழையுற எடம் இல்ல, ஸ்கூல் பேர்லயோ சங்கம் பேர்லயோ முன்னாடியே லெட்டர் குடுத்து அனுமதி கேக்கணும். இதே நாள்ல அதையும் சேக்காதீங்க, தெக்கு பக்கம் அது, ஈப்போ ஸ்டேஷனோட சேத்து இன்னொரு நாளுக்கு வைங்க.