மறுக்க ஆள் இருக்கிறதா, பாருங்கள்

கும்பகோணத்தில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கும் என் தங்கை மகள், ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகம் பற்றிய கட்டுரை நோட்டைக் காட்டினாள். தீசிஸ் ஸ்டேட்மென்ட் (கட்டுரை நிறுவப் போகும் வாதம்) என்று சிவப்பு மையில் கோடிட்டிருந்த வரி: ‘மக்பெத் பேராசைக்காரன்.’

“காவிரியில் தண்ணீர் ஓடுகிறது என்பதைப் போல இருக்கிறதே அம்மா. இதை யார் மறுப்பார்கள்?” என்றேன்.

“மே மாதம் வந்து பாருங்கள் பெரியம்மா, ஊரே மறுக்கும்” என்றாள். வாஸ்தவம். அப்படிப் பார்த்தால் அவள் வரியைவிட என் வரியே தேவலை!

விஷயம் அதுதான். படித்த ஒருவர் ‘இல்லை’ என்று வாதாட இடமிருந்தால்தான் அது தீசிஸ். இல்லாவிட்டால் வெறும் தகவல்.

அப்படி ஒரு வரி எங்கே கிடைக்கும்? பாத்திரம் மனம் மாறும் இடத்தில் தேடுங்கள். முதல் அங்கம், ஏழாம் காட்சி. டங்கன் மன்னனைக் கொல்ல வேண்டாம் என்று மக்பெத் மனைவியிடம் சொல்லியே விடுகிறான். அவள் அவனுடைய ஆண்மையைக் குத்திக் காட்டுகிறாள். காட்சி முடிவதற்குள் சம்மதித்துவிடுகிறான். இப்போது எழுதலாம்: ‘மக்பெத்தைக் கொலைக்குத் தள்ளியது அரியணை ஆசையைவிடக் கோழைப் பட்டத்தின் மேலிருந்த அச்சமே.’ ‘நீ அரசனாவாய்’ என்று முன்பே அவனிடம் சொன்ன சூனியக்காரிகளைக் காட்டி எவரும் மறுக்கலாம். மறுக்கட்டும், பதில் சொல்லத்தானே மீதிப் பக்கங்கள்.

பென்சிலோடு படியுங்கள். பாத்திரம் சொன்னதற்கு மாறாகச் செய்யும் இடங்களில் மட்டும் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். குணங்களைப் பட்டியல் போடுவது வேண்டவே வேண்டாம். அது கல்யாணத் தரகர் வேலை.