டர்போ இல்லாத என்ஜினில் வலு கூட்டப் போகிறீர்களா? யாழ்ப்பாணத்தில் நாம் அடிக்கடி விடும் பிழைகள்

போன ஆவணியில் என் சித்தப்பாவின் மகன் தன் ஹொண்டா சிவிக்கை யாழ்ப்பாணத் திருநெல்வேலியிலுள்ள ஒரு கராஜுக்குக் கொண்டுவந்தான். நானும் அங்கே நின்றேன். "அண்ணை, ஹெட்டர், கோன் ஃபில்டர், பெரிய சைலன்சர் எல்லாம் போட்டாச்சு. ஆனா முந்தின இழுவை கூட இல்லை" என்று மெக்கானிக்கிடம் சொன்னான். அவன் போட்ட சாமான் எதையும் மெக்கானிக் திரும்பிப் பார்க்கவில்லை. நான்கு பிளக்கையும் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். மூன்றாவது பிளக்கின் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். பூதக்கண்ணாடி பிடித்துப் பார்த்தால், அந்தப் புள்ளிகளுக்கு இடையே மினுங்குகிற மிகச் சிறிய மணிகள். பிஸ்டனின் தலையிலிருந்து பிய்ந்து வந்த அலுமினியம் அது. "தம்பி, உன்ர என்ஜின் நொக் அடிக்குது. இன்னும் ஒரு மாசம் இப்படியே ஓடியிருந்தா பிஸ்டன் போயிருக்கும்" என்றார். ஸ்பார்க் பற்றவைத்த நெருப்பு வந்து சேருமுன் மிஞ்சிய பெற்றோல் கலவை தானாகவே வெடிப்பதுதான் நொக்.

இத்தனைக்கும் அவன் மலிவான சாமான் எதையும் வாங்கவில்லை. சரியான சாமானைப் பிழையான வரிசையில் போட்டிருந்தான். இந்த ஊரில் நான் பார்த்த பெரும்பாலான கார்களின் கதை இதுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. டர்போ உள்ள என்ஜினுக்குக் காற்றை அமுக்கிக் கொடுக்க ஒரு விசிறி இருக்கிறது. டர்போ இல்லாத என்ஜினுக்கு வெளியே இருக்கும் காற்றழுத்தம் மட்டும்தான் துணை. பிஸ்டன் இறங்கும்போது எவ்வளவு காற்று உள்ளே வருகிறதோ, அவ்வளவுக்குத்தான் பெற்றோல் எரிக்க முடியும். குதிரைவலு என்பது முறுக்குவிசையையும் சுற்று வேகத்தையும் பெருக்கி வருவது. நியூட்டன் மீற்றரை நிமிடச் சுற்றால் பெருக்கி 7023ஆல் வகுத்தால் பி.எஸ். கணக்கில் வலு கிடைக்கும். 150 நியூட்டன் மீற்றர் 6000 சுற்றில் இருந்தால் 128 குதிரை. அதே 150ஐ 7500 சுற்று வரை பிடித்து வைத்தால் 160 குதிரை. ஹொண்டாவின் பி16ஏ என்ஜின் 1989இல் வந்தபோது செய்ததும் இதுதான். 1595 சி.சி.யில் 7600 சுற்றில் 160 குதிரை, அதாவது லீற்றருக்கு 100. இப்படிப்பட்ட என்ஜினில் எடுக்கக்கூடியதில் பெரும்பகுதியைக் கம்பனியே எடுத்துவிட்டது. ரோட்டில் ஓடும் காருக்கு இன்டேக் (காற்று வரும் வழி), ஹெட்டர் (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்கள்), ரியூனிங் (பெற்றோல் அளவையும் ஸ்பார்க் நேரத்தையும் சரிப்படுத்துவது) மூன்றும் சேர்ந்து 5 முதல் 10 சதவீதம் தந்தாலே அது நல்ல வேலை என்பேன். 40, 50 குதிரை கூடும் என்று யாராவது சொன்னால் காசை எடுக்காதீர்கள்.

தொலைந்த குதிரைகளைத் தேடாமல் புதுக் குதிரை வாங்குவது

எல்லாப் பிழைகளுக்கும் தாய் இதுதான். நம்மிடம் உள்ள கார்களில் பல 25, 30 வயதைத் தாண்டியவை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓடினோம். அப்படி ஓடிய என்ஜின் 160 குதிரை தரும் என்று புத்தகம் சொல்லலாம். உங்களுடையது 135தான் தருகிறதோ என்னவோ, அளக்காமல் எப்படித் தெரியும்?

சிலிண்டர் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று அளக்கும் கொம்பிரஷன் ரெஸ்ட் எந்தக் கராஜிலும் அரை மணி நேர வேலை. என்ஜின் சூடாக, நான்கு பிளக்கும் கழற்றி, அக்சிலரேற்றரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு, அல்லது சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் கஸ்கெற். கூடவே வால்வு இடைவெளி. பி16ஏயில் அதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்; கார் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள் எத்தனையோ பேர். ஹெட்டர் வாங்கும் காசில் சிறு பங்குதான் இதற்கெல்லாம் போகும்.

கிணற்றுத் தண்ணீர்

வெளியூர்க்காரர் எழுதும் ரியூனிங் குறிப்புகளில் இது இருக்காது. நமக்கு இதுதான் முதல் எதிரி. எங்கள் நிலத்தடியில் சுண்ணாம்புக் கல். கேத்திலின் அடியில் படியும் வெள்ளையை எல்லா வீட்டுக் குசினியிலும் பார்க்கிறோம். அந்தத் தண்ணீரையே வாளியில் அள்ளி றேடியேற்றரிலும் ஊற்றுகிறோம். கேத்திலில் படிகிறது என்ஜினுக்குள் படியாதா?

தம்பியின் கார் ஆறிய பிறகு மெக்கானிக் றேடியேற்றர் மூடியைத் திறந்து காட்டினார். வாயின் ஓரம் முழுக்க வெள்ளைப் பொருக்கு. உள்ளே குழாய்களின் வாய்கள் பாதி அடைபட்டு, கூலன்ட் நிறமே இல்லாமல் துருத் தண்ணீராகக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு உதிர்ந்தது. இந்தப் பொருக்கு சிலிண்டரைச் சுற்றியும், ஹெட்டுக்குள் எக்ஸோஸ்ட் வால்வின் பக்கத்திலும் படியும். மீற்றர் முள் நடுவில் நின்றாலும் அந்த இடம் மட்டும் கொதிக்கும். நொக் அடிப்பது அங்கேதான் தொடங்கும். வலு கூட்டுவது என்றால் வெப்பமும் கூடும். ஆகவே வேறு எதையும் வாங்குவதற்கு முன் றேடியேற்றரைக் கழுவி, கனிமம் நீக்கிய தண்ணீரும் நல்ல கூலன்ட்டும் விடுங்கள். தெர்மோஸ்டாட்டையும் மூடியையும் புதிதாகப் போடுங்கள். மழைத் தண்ணீரைச் சுத்தமாகப் பிடித்து வைத்திருந்தால் அவசரத்துக்கு அதை விடலாம், கிணற்றுத் தண்ணீரைவிட எவ்வளவோ மேல்.

சூடான காற்றும் செம்மண்ணும்

கோன் ஃபில்டர் போட்டால் உறுமல் கேட்கும். உறுமலை வலு என்று நம்பிவிடுகிறோம். ஃபில்டர் திறந்தபடி என்ஜின் பக்கத்தில் நின்றால், அது இழுப்பது றேடியேற்றரையும் ஹெட்டரையும் தொட்டு வந்த காற்றை. நம் ஊர் மத்தியானத்தில் வெளியே 33 பாகை இருக்கிறது என்று வையுங்கள். பஸ் நிலையத்தடி நெரிசலில் பொனற்றுக்குள் 60 பாகையை எட்டினால், காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைந்துவிடும். 10 பாகைக்கு ஏறத்தாழ 3 சதவீதம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். ஹெட்டர் தந்ததையெல்லாம் ஃபில்டர் தின்றுவிடும். கம்பனி தந்த பெட்டியை அப்படியே வைத்து, அதன் வாய் பம்பருக்குப் பின்னால் குளிர்ந்த காற்று வரும் இடத்தில் இருக்கும்படி ஒரு குழாய் இழுத்தாலே போதும். மழைக்காலத்தில் தேங்கும் வெள்ளத்துக்கு எட்டாத உயரத்தில் அந்த வாய் இருக்க வேண்டும்; தண்ணீர் இழுத்தால் பிஸ்டனைத் தள்ளி இழுக்கும் கொன்ரொட் வளைந்துவிடும்.

அடுத்தது தூசு. கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கம் தோட்டத்து ஒழுங்கைகளில் ஓடுபவர்களுக்குச் செம்மண் எப்படி எல்லாவற்றிலும் புகும் என்று சொல்லத் தேவையில்லை. தரம் குறைந்த ஃபில்டரைத் தாண்டும் அந்தப் புழுதி, சிலிண்டர் சுவரையும் ரிங்கையும் அரத்தாள் போலத் தேய்க்கும். ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சிவப்பு ஒட்டினால் அந்த ஃபில்டர் வேண்டாம். ஒயில் பூசும் வகை ஃபில்டர் என்றால் அளவாகப் பூசுங்கள். மிஞ்சிய ஒயில் காற்றளக்கும் சென்சரில் படிந்து கணக்கைக் குழப்பும்.

பெற்றோலை மறந்து கொம்பிரஷனை ஏற்றுவது

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையின்போது, இந்த ஊர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியது. காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஏ-40 ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் ஓடின. அந்த மெக்கானிக்குகளின் கைக்கு நான் எப்போதும் தலை வணங்குவேன். ஆனால் அந்த அனுபவத்திலிருந்து "என்ஜின் எதிலும் ஓடும்" என்ற ஒரு நம்பிக்கையும் நமக்குள் தங்கிவிட்டது. அந்தப் பழைய என்ஜின்களின் கொம்பிரஷன் விகிதம் (கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற கணக்கு) இன்றைய ஸ்போர்ட்ஸ் என்ஜின்களோடு பார்க்க மிகக் குறைவு, அதனால் தாங்கின. டொயோட்டாவின் 20 வால்வு 4ஏ-ஜி.ஈ.யின் கறுப்பு மூடி வகையில் அது 11. டொயோட்டா 86இன் முதல் மாடலில் 12.5. இவற்றுக்குள் ஒக்டேன் (நொக்கைத் தாங்கும் அளவு) 92 உள்ள பெற்றோலை ஊற்றி, ஸ்பார்க் அடிக்கும் நேரமான ரைமிங்கையும் முன்னே தள்ளினால் நொக் அடிக்காமல் என்ன செய்யும்? நம் சிலோன் பெற்றோல் நிலையங்களில் 92உம் 95உம் உண்டு. ஸ்போர்ட்ஸ் என்ஜினுக்கு 95ஐ மட்டும் விடுங்கள்.

லேத்தில் ஹெட்டைச் சீவி கொம்பிரஷன் ஏற்றும் ஆசை இங்கே நிறையப் பேருக்கு உண்டு. 10இலிருந்து 11க்கு ஏற்றினால் ஏட்டுக் கணக்கில் கிடைப்பது இரண்டரை சதவீதம். 160 குதிரையில் 4. அந்த நாலுக்காக நொக்குக்கு இன்னும் அருகே போகிறோம். ஹெட் தாழ்ந்தால் வால்வைத் திறக்கும் கேமைச் சுற்றுகிற பெல்ற்றின் தூரம் மாறி, வால்வு திறக்கும் நேரம் சற்றுப் பிந்தும். வால்வும் பிஸ்டனும் நெருங்கும். சீவித்தான் ஆக வேண்டும் என்றால் பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை வைத்து, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றி, களிமண்ணில் வால்வு பதிந்த இடத்தை வெட்டி அளந்து பாருங்கள். இதைச் செய்யாமல் செல்ஃப் அடிக்கவே கூடாது.

அடுத்தவரின் மாப்பைக் கொப்பி பண்ணுவது

"அதே என்ஜின், அதே கேம், அவன்ர ஃபைலையே போடுவம்" என்கிற பேச்சு ஆபத்தானது. மாப் என்பது என்ஜினின் கணினியான ஈ.சி.யூ.வுக்குள் இருக்கும் பெற்றோல், ரைமிங் அட்டவணை. நுவரெலியாவில் 1934 முதல் மஹகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் நடக்கிறது. அந்த ஊரின் உயரம் 1868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு, குளிரும் கூட. சிலிண்டர் அவ்வளவு நிறையாததால் அங்கே ரைமிங்கைத் தாராளமாக முன்னே வைக்கலாம். அதே ரைமிங் நம் வெக்கையில், கடல்மட்டத்தில், என்ஜினை உடைக்கும்.

சாமான் மாற்றிய பிறகு ரியூன் பண்ணாமல் விடுவதும் இதே பிழைதான். மெதுவாக ஓடும்போது ஒட்சிசன் சென்சரைப் பார்த்து ஈ.சி.யூ. தானே திருத்திக்கொள்ளும். அக்சிலரேற்றரை முழுக்க மிதித்தால் பழைய அட்டவணையை நம்பியே பெற்றோல் விடும். கேம் மாற்றியபின் கூடுதலாக வரும் காற்று அதற்குத் தெரியாது. பெற்றோல் குறைந்து, சூடு ஏறும். காற்று 14.7க்குப் பெற்றோல் 1 என்ற எடை விகிதம் நிதானமாக ஓட நல்லது. முழு இழுவைக்கு 13ஐ ஒட்டி இருக்க வேண்டும். இதை மூக்கால் மணந்து சொல்ல முடியாது. இந்த விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் மீற்றர் பூட்டி அளந்துதான் சொல்ல முடியும். வலுவை அளக்கும் டைனோ உள்ள இடத்துக்கு ஒரு நாள் போய்வரச் செலவுதான். அந்தச் செலவை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள், சாமான் வாங்கி மிஞ்சினால் பார்ப்போம் என்று விடாதீர்கள்.

பெரிய கேம், பெரிய குழாய்

1.6 லீற்றர் என்ஜினுக்கு 3 அங்குலப் புகைக் குழாய் தேவையே இல்லை. 2 அல்லது இரண்டேகால் போதும். ஒரு சிலிண்டரின் புகை வேகமாக ஓடும்போது அதன் பின்னால் ஒரு இழுவை உண்டாகி, அடுத்ததன் புகையையும் இழுத்துச் செல்லும். குழாய் அகன்றால் அந்த வேகம் செத்துவிடும். பெரிய கேமும் அப்படித்தான். 6000 சுற்றுக்கு மேலே தருவதற்காகக் கீழே பிடுங்கிக்கொள்ளும். நம் சட்டப்படி காருக்கு ஊருக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர். வடக்கில் அதிவேகப் பாதையும் இல்லை. ஏ9 வீதியில் ஒரு லொறியை முந்த வேண்டிய இடத்தில் உங்களுக்குத் தேவை 3000, 4000 சுற்றில் இழுவை.

சுற்று எல்லையை உயர்த்துபவர்களுக்கு ஒன்று: கொன்ரொட் மீது விழும் இழுப்பு சுற்றின் வர்க்கத்தில் ஏறும். 7500ஐ 8500 ஆக்கினால் 28 சதவீதம் கூடும். பழைய போல்ற்றையே திரும்பப் பூட்டிக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம்.

புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிக் கொன்வேட்டரை வெட்டி எறிவதும் வேண்டாம். வருட வரிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை வேண்டும். பெரிய கேமும் வெட்டிய கொன்வேட்டரும் சேர்ந்தால் தேறுவது கஷ்டம். ஒழுங்கையில் நோயாளி படுத்திருக்கும் வீடும் இருக்கும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் இருக்கும்; சத்தத்தை அதற்கேற்ற அளவில் வையுங்கள்.

பாரத்தைக் குறைப்பதை நம்மில் யாரும் கணக்கெடுப்பதில்லை. 120 குதிரை, 940 கிலோ உள்ள முதல் தலைமுறை மஸ்டா றோட்ஸ்டரில் 40 கிலோவைக் குறைத்தால் 5 குதிரை கூட்டியதற்குச் சமம். டிக்கியிலுள்ள ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து தொடங்கலாம். ஸ்பெயார் ரயரை மட்டும் கழற்றாதீர்கள். இரவில் ஆனையிறவில் பஞ்சர் ஆனால் தெரியும்.

தம்பியின் சிவிக்கில் றேடியேற்றரைக் கழுவ இரண்டு நாள் போனது. ஸ்பார்க் நேரத்தை வைக்கும் டிஸ்ரிபியூட்டரை யாரோ முன்னே தள்ளிவிட்டிருந்தார்கள்; அதைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்து, வால்வு இடைவெளி பார்த்து, பழைய ஃபில்டர் பெட்டியைத் தேடிப் பூட்டினார்கள். 92ஐ விட்டு 95க்கு மாறினான். ஹெட்டர் அப்படியே இருக்கிறது. கார்த்திகையில் அதே பிளக்கைக் கழற்றி அதே துணியில் வைத்தபோது பீங்கானில் ஒரு புள்ளியும் இல்லை. கொம்பிரஷனும் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றாக வந்தது. இனி வைட்பேண்ட் பூட்டி ரியூன் பண்ணக் காசு சேர்க்கிறான்.