மீட்டர் கேஜ் எஞ்சின் மாதிரிகளையும் கிட்டுகளையும் தேடிப் பெறுவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயில் வந்தது 1979ஆம் ஆண்டில்தான்; அதுவும் தொடக்கத்திலேயே அகலப் பாதையாக வந்தது. அதற்கு முன்னர் நாகர்கோவிலிலும் தக்கலையிலும் இருந்தவர்கள் ரயிலேற வேண்டுமானால் பஸ்ஸில் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டியிருந்தது. திருவனந்தபுரம் பாதை 1976இல் அகலமாக்கப்படும் வரை இரண்டு ஊர்களிலும் நின்றவை மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளியுள்ள பாதை) வண்டிகளே. நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கரி எஞ்சின் பெரும்பாலும் அந்த வண்டிகளை இழுத்த எஞ்சின்தான் என்பதால், அதன் மாதிரியை ஆயத்தமாக வாங்கவோ, கிட்டாக (நாமே பொருத்திக்கொள்ளும் பகுதிகளின் தொகுப்பாக) வாங்கிச் செய்யவோ விரும்புவோருக்காக இக்குறிப்பை எழுதுகிறேன்.

இணையத்தில் 'சவுத் இந்தியன் ரயில்வே' என்று அந்த வண்டிகளை முதலில் ஓட்டிய கம்பெனியின் பெயரைக் கொடுத்துத் தேடுவதில் அதிகப் பயன் இல்லை. அந்தப் பெயரில் ஆயத்த மாதிரிகள் அரிதாகவே வெளிவருகின்றன. எந்த எஞ்சின் வகை, எந்தக் காலம், எந்த அளவு என்ற மூன்றையும் முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் சக்கர அமைப்புக்குப் பொருந்தும் வேறு நாட்டு எஞ்சின் மாதிரியின் அடிச்சட்டத்தை (சக்கரங்களும் மோட்டாரும் உள்ள கீழ்ப்பகுதியை) தேடி, அதன்மேல் நம் எஞ்சினின் உடலைப் பொருத்துவதே பலன் தரும் வழி.

காலத்தைப் பொறுத்தவரை ஒரு தெளிவு தேவை. 1874இல் உருவான சவுத் இந்தியன் ரயில்வே, 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வேயின் பகுதியாயிற்று. பலரும் நினைவில் வைத்திருக்கும் ஒய்.பி. வகைப் பயணிகள் எஞ்சினும் ஒய்.ஜி. வகைச் சரக்கு எஞ்சினும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் பெருமளவில் ஓடின; கடைசி ஒய்.ஜி. 1972இல் சித்தரஞ்சனில் கட்டப்பட்டது. எனவே 1904இல் திறக்கப்பட்ட செங்கோட்டை–கொல்லம் மலைப்பாதையை அதன் தொடக்கக் காலக் கோலத்தில் அமைக்க நினைப்பவர் ஒய்.பி.யை வாங்கினால் காலம் பொருந்தாது.

அளவைத் தேர்ந்தெடுப்பதற்கு எளிய கணக்கு உண்டு. எச்.ஓ. எனப்படும் 1:87 மாதிரி விகிதத்தில், மீட்டர் பாதையின் 1000 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11.5 வரும்; அதற்காகவே எச்.ஓ.எம். எனப்படும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்கப்படுகிறது. பீகோ, டில்லிக், பெமோ ஆகிய நிறுவனங்களின் தண்டவாளங்கள் இந்த அளவில் கிடைக்கின்றன. பெரிய அளவை விரும்புவோருக்கு 1:22.5 விகிதமும் 45 மில்லிமீட்டர் தண்டவாளமும் மீட்டர் பாதைக்கு மிக நெருக்கமாக அமைகின்றன. வீட்டில் ஒரு மேசை மட்டுமே ஒதுக்க முடியுமானால் எச்.ஓ.எம். போதும் என்பதே என் கருத்து.

அடுத்தது அடிச்சட்டம். ஒய்.பி.யின் சக்கர அமைப்பு 4-6-2; அதாவது முன்னால் நான்கு சிறு சக்கரங்கள், நடுவில் ஆறு இயங்கு சக்கரங்கள், பின்னால் இரண்டு சிறு சக்கரங்கள். அதன் இயங்கு சக்கரத்தின் விட்டம் 1372 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் அது 15.8 மில்லிமீட்டராகும். விற்பனைக்கு வரும் பழைய எஞ்சின் எதுவாயினும், அதன் இயங்கு சக்கரம் 15 முதல் 16.5 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். வேகவண்டிக்கான பெரிய சக்கரமுள்ள அடிச்சட்டத்தின் மேல் ஒய்.பி.யின் உடலை வைத்தால், கொதிகலன் உயர்ந்து எஞ்சினின் முகமே மாறிவிடும். ஜப்பானிய மாதிரிகளில் 1:87 விகிதத்தில் 12 மில்லிமீட்டர் பாதைக்கு வரும் பித்தளைக் கிட்டுகளைக் கவனமாகப் பார்க்கலாம். ஆனால் அங்கிருந்து வரும் மின் கட்டுப்பாட்டுப் பெட்டி 100 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும். பெட்டியை இங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது.

டீசல் எஞ்சினை விரும்புவோருக்கு வழி சற்று எளிது. ஒய்.டி.எம். 4 என்ற மீட்டர் பாதை டீசல் எஞ்சின், அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் டி.எல். 535 வரிசையைச் சேர்ந்தது. அலாஸ்காவின் ஒயிட் பாஸ் ரயில்வேயில் ஓடிய எஞ்சின்களும் அதே வரிசையைச் சேர்ந்தவை, அவற்றை எல்.ஜி.பி. நிறுவனம் 45 மில்லிமீட்டர் பாதைக்கு மாதிரியாக்கியிருக்கிறது. கேபினையும் முன்மூக்கையும் புதிதாகச் செய்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினை நாடுவோர் சுவிட்சர்லாந்தின் பக்கம் திரும்ப வேண்டும். முதல் எக்ஸ் எஞ்சின்களைக் கட்டிய விண்டர்தூர் தொழிற்சாலைதான் ஃபுர்கா மலைப்பாதைக்கான எச்.ஜி. 3/4 எஞ்சினையும் கட்டியது. செங்குத்தான பாதையில் நடுவிலுள்ள பல்தண்டவாளத்தைப் பற்றி ஏறும் பல்சக்கரத்துக்கும் சாதாரணச் சக்கரங்களுக்கும் தனித்தனி நீராவி உருளைகள் இருப்பதை இரண்டிலும் காணலாம்; எக்ஸ் வகையில் பல்சக்கரத்துக்கான உருளைகள் மற்றவற்றுக்கு மேலே அமர்ந்திருக்கும். பெமோ எச்.ஜி. 3/4 எஞ்சினை எச்.ஓ.எம். அளவில் வெளியிட்டிருக்கிறது. எக்ஸ் வகைக்கு இயங்கு அச்சுகள் நான்கு என்பதால் நேரடியாகப் பொருத்த முடியாது. எனினும் பல்சக்கர எஞ்சினின் அமைப்பைக் கற்றுக்கொள்ள அது நல்ல துணை. அசல் எஞ்சினை மேட்டுப்பாளையத்திலும் குன்னூரிலும் நேரில் பார்த்துப் பக்கவாட்டுப் படங்களை எடுத்துக்கொள்ளலாம். பெரம்பூரிலும் திருச்சியிலும் உள்ள ரயில் அருங்காட்சியகங்களுக்கும் ஒருமுறை சென்று வருவது நல்லது.

பழைய மாதிரியை வாங்கும்போது படத்தை மட்டும் நம்பாமல் ஓடும் காணொளியைக் கேளுங்கள். பழைய துத்தநாகக் கலவை வார்ப்புகள் காலப்போக்கில் உப்பி வெடிப்பு விடும். அடிச்சட்டம் நடுவில் வளைந்திருந்தாலோ மயிரிழை விரிசல் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள், அதைச் சீராக்க இயலாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரி பொருளின் விலையோடு அனுப்புசெலவையும் சேர்த்தே கணக்கிடப்படும் என்பதை மனத்தில் கொண்டு விலை பேச வேண்டும்.

உடலை முப்பரிமாண அச்சில் எடுப்பதானால் ரெசின் (திரவப் பிசினை ஒளியால் உறையவைக்கும்) முறையையே கேளுங்கள். உருக்கிய பிளாஸ்டிக் இழையை அடுக்கும் இழை முறையில் கொதிகலனின் வளைவில் படிகள் தெரியும். எஞ்சின் எண்ணை ஒட்டுப்படமாக அச்சிடும்போது, சாதாரண அச்சுப்பொறி வெள்ளை நிறத்தை அச்சிடாது என்பதால், வெள்ளை டோனர் வைத்திருக்கும் அச்சகத்தை அணுக வேண்டும்.

நம் கடற்கரை ஊர்களின் உப்புக்காற்று பித்தளையை விரைவில் கறுக்கச் செய்யும். கிட்டைப் பற்றவைத்து முடித்ததும் வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, நன்றாக உலர்த்தி, தாமதிக்காமல் பிரைமர் அடித்துவிடுங்கள்; மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வையுங்கள்.