முதல் ஸ்கூபா ஃபின்: பிளேடை அப்புறம் பார்க்கலாம், முதலில் பாதம்

ஓப்பன் வாட்டர் என்ற ஸ்கூபா தொடக்க கோர்ஸ் முடித்த கையோடு, காலில் மாட்டி நீந்தும் துடுப்பான ஃபின்னைச் சொந்தமாக வாங்கப் போனால், கடைக்காரர் தண்ணீரைத் தள்ளும் தட்டைப் பகுதியான பிளேடைக் காட்டித்தான் பேச ஆரம்பிப்பார். சேனல், ஸ்பிளிட், வென்ட் என்று பிளேடு வகைகளைக் கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் முக்கால் மணி நேரம் தண்ணீருக்குள் இருந்தால் கால் வலிக்குமா வலிக்காதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பாதம் போய் உட்காரும் பாக்கெட்தான். அதனால் இங்கே வரிசையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

புதுச்சேரி, அந்தமான், திருகோணமலை போன்ற வெதுவெதுப்பான கடலில் இறங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. குளிர்நாட்டில் டிரைசூட் (தண்ணீர் உள்ளே புகாத உடை) போட்டு இறங்குகிறவர்களின் கணக்கு வேறு.

படி 1: ஃபுல் ஃபுட்டா, ஓப்பன் ஹீலா?

ஃபுல் ஃபுட்டை வெறுங்காலிலேயே மாட்டலாம், குதிகாலையும் மூடிவிடும். ஓப்பன் ஹீலுக்கு நியோபிரீன் பூட்டி (நுரை ரப்பர் காலணி) வேண்டும். அதன்மேல் ஃபின்னை மாட்டிக் குதிகாலுக்குப் பின்னால் ஸ்ட்ராப்பை இழுத்துவிட வேண்டும். படகிலிருந்து குதித்துப் படகிலேயே ஏறுவீர்கள் என்றால் ஃபுல் ஃபுட் போதும். எடையும் குறைவு, விலையும் குறைவு. கரையிலிருந்து நடந்துபோய் இறங்கும் இடங்களில் கல், சிப்பி, கடல் முள்ளெலி எல்லாம் இருக்கும், அங்கே வெறுங்கால் கதையாகாது.

என் ஓட்டு ஓப்பன் ஹீலுக்கு. காரணம் மூன்றாவது படியில் வருகிறது.

படி 2: பூட்டியை முதலில் வாங்குங்கள்

ஃபின்னையும் பூட்டியையும் தனித்தனியாக ஆர்டர் செய்யாதீர்கள். பூட்டியின் அடிப்பாகம் எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்து அதே பாக்கெட் இறுகும் அல்லது தளரும். 28 டிகிரி தண்ணீருக்கு 3 மில்லிமீட்டர் தாராளம். அடிப்பாகம் மட்டும் நல்ல கெட்டியாக இருக்கட்டும்.

படி 3: அளவு

எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். நம் ஊர்ச் செருப்புக் கடையில் சொல்லும் எண் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவு. பூட்டிகளில் பல இடங்களில் அமெரிக்க அளவு போட்டிருக்கும். ஃபுல் ஃபுட் ஃபின்களில் 40/41, 42/43 என்று ஐரோப்பிய அளவு இருக்கும். ஆண்களுக்கு நம் 8 என்பது ஏறக்குறைய அமெரிக்க 9, ஐரோப்பிய 42. இதைக் கவனிக்காமல் '8' என்று தட்டினால் பெருவிரல் மடங்கும் பூட்டி வீட்டுக்கு வரும். ஓப்பன் ஹீல் ஃபின்னில் எஸ், எம், எல் என்றுதான் இருக்கும். ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் 'எல்' ஆகவும் இருக்கலாம், அதனால் அந்தந்தக் கம்பெனியின் அட்டவணையைப் பாருங்கள்.

கடையில் நின்றபடி போட்டுப் பார்ப்பது சோதனையே இல்லை. நாற்காலியில் உட்காருங்கள். பூட்டியோடு காலை உள்ளே விடுங்கள், ஸ்ட்ராப் வேண்டாம். காலைத் தூக்கி மெதுவாக ஆட்டுங்கள். ஃபின் உடனே கழன்று விழுந்தால் பெரியது. பாதம் பாதியிலேயே நின்று, குதிகாலும் அதற்கு முன்னால் உள்ள பகுதியும் வெளியே தொங்கினால் சின்னது. குதிகால் மட்டும் கொஞ்சம் வெளியே நிற்பது சரியான அளவு. அப்புறம் ஸ்ட்ராப்பை மாட்டி, பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருங்கள். மேல்பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் தெரிந்தால் வேண்டாம். போகப் போகப் பழகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். பூட்டி கொஞ்சம் இளகும், பாக்கெட் பெரிதாக இளகாது.

வளரும் பிள்ளைக்குச் சீருடை எடுப்பதுபோல ஒரு அளவு கூட்டி வாங்குகிறவர்கள் உண்டு. ஃபின் தளர்ந்தால், அது கழன்றுவிடாமல் இருக்க நம்மை அறியாமலே விரல்களை மடக்கிப் பிடிப்போம். அரை மணி நேரத்தில் உள்ளங்காலில் சதை பிடித்துக்கொள்ளும். இறுகினாலும் பிடிக்கும், ஆனால் இறுக்கம் உடனே தெரிந்துவிடும். தளர்வு தண்ணீருக்குள் போன பிறகுதான் தெரியும்.

இன்னொன்று: ஆழம் போகப் போக நியோபிரீன் நசுங்கும். 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு, 18 மீட்டரில் ஏறக்குறைய மூன்று மடங்கு. பூட்டி மெலிவதால் படகில் கச்சிதமாக இருந்த ஃபின் கீழே ஆடத் தொடங்கும். பக்கிள் வைத்த ரப்பர் ஸ்ட்ராப்பைக் கீழே போய் இழுத்துக்கொண்டிருக்க முடியாது. ஸ்பிரிங் ஸ்ட்ராப் தானாகவே சுருங்கி இடைவெளியை ஈடு கட்டிவிடும். ஓப்பன் ஹீல் மேல் எனக்கு இருக்கும் பிரியமே இந்த ஸ்பிரிங்கால்தான். ஃபின்னோடு வராவிட்டால் தனியாக வாங்கி மாட்டுங்கள்.

படி 4: பிளேடு

ரொம்பக் கெட்டியான பிளேடு கெண்டைக்காலைப் பதம் பார்க்கும். ரொம்ப மிருதுவானது நீரோட்டத்தில் உதவாது. நடுத்தரமாக எடுங்கள். பிளேடு நடுவில் பிளந்திருக்கும் ஸ்பிளிட் ஃபின் முட்டிக்கு இதம்தான், ஆனால் மணலைக் கிளப்பாமல் நீந்த ஃபிராக் கிக் (தவளைபோல உதைப்பது) பழகும்போது அது அவ்வளவாக ஒத்துழைக்காது. ஸ்கூபாப்ரோவின் ஜெட் ஃபின் 1960களிலிருந்து வருகிற கனமான கறுப்பு ரப்பர். டிரைசூட் காலில் காற்று சேர்ந்து கால் மிதக்கும்போது அந்தக் கனம் வேண்டும். மெல்லிய சூட்டில் நமக்குக் கால் தாழ்ந்து உடம்பு சாய்ந்துவிடும். முதல் ஃபின்னுக்கு மாரெஸ் அவாந்தி குவாட்ரோ போன்ற பிளாஸ்டிக் பிளேடு போதும். விமானத்தில் 15 கிலோதான் கணக்கு என்றால் எடையையும் பாருங்கள்.

படி 5: வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்

அதே மாடல் டைவ் சென்டரில் இருந்தால் ஒரு நாள் அதிலேயே நீந்திப் பாருங்கள். கால் பிடித்தால் ஃபின்னைக் குறை சொல்வதற்கு முன், சைக்கிள் மிதிப்பதுபோல முட்டியை மடக்குகிறீர்களா என்று உங்களோடு ஜோடியாக இறங்கும் பட்டியிடம் (buddy) கேளுங்கள். உதை இடுப்பிலிருந்து வர வேண்டும். கெண்டைக்காலில் பிடித்துவிட்டால் காலை நீட்டி, ஃபின்னின் நுனியைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள்.

பிறகு சேர்த்தது: ஃபுல் ஃபுட் குதிகாலில் தோலை உரிக்கிறது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். மெல்லிய ஃபின் சாக்ஸ் கிடைக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அளவு பார்க்கும்போதும் அதைப் போட்டே பாருங்கள்.

இன்னொரு சேர்க்கை: அகலப் பாதம் உள்ளவர்கள் ஃபுல் ஃபுட்டில் நீளத்தைக் கூட்டிச் சமாளிக்க வேண்டாம், குதிகால் தூக்கும். ஓப்பன் ஹீலுக்கு மாறுவதுதான் வழி. இரண்டு பாதமும் ஒரே அளவில் இல்லாதவர்கள் பெரிய பாதத்துக்கு வாங்கி, மற்றக் காலில் பூட்டிக்குள் ஒரு சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.